கடைசல் உளிக்குச் சாணை

மரத்தைக் கடைந்து உருவம் சமைக்கும் தொழிலில் உளி எவ்வளவு விரைவாக மழுங்குகிறது என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்தாலன்றி, கடைசல்காரர் நாளொன்றுக்குப் பத்து முறையும் இருபது முறையும் வேலையை நிறுத்திவிட்டுச் சாணைக்கல்லை நாடிப் போவதன் காரணம் வெளியாருக்கு விளங்காது. பத்து அங்குலக் குறுக்களவுள்ள மரக்கிண்ணம் ஒன்று லேத்தில் நிமிஷத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் விளிம்பு அந்த ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய 800 மீட்டர் தூரம் உளியின் முனையைக் கடந்து ஓடிவிடுகிறது. பத்து நிமிஷ வேலையில் மயிரிழை போன்ற அந்த எஃகு விளிம்பு எட்டுக் கிலோமீட்டர் நீள மரத்தைச் சீவித் தள்ளியிருக்கும். அதுவும் தேக்கைப் போல உள்ளுக்குள் நுண்ணிய சிலிக்காத் துகள்களை வைத்திருக்கும் மரமானால், அது மணற்காகிதத்தின் மீது கத்தியை இழுத்ததற்குச் சமானம். தச்சர் கொட்டாப்புளியால் தட்டி இறக்கும் உளி, காலை முதல் மாலை வரை உழைத்தாலும் இந்தத் தூரத்தில் ஒரு சிறு பங்கையும் எட்டுவதில்லை. ஆகையால், மற்ற மரவேலைகளில் எப்போதோ ஒரு முறை செய்யும் காரியமாக இருக்கும் சாணை பிடித்தல், கடைசலில் மூச்சு விடுவதைப் போல இடைவிடாத காரியமாகிறது.

இவ்வளவு அடிக்கடி செய்யவேண்டிய காரியத்தை வெறுங்கையால் செய்வதா, அல்லது பட்டறைகளில் 'ஜிக்' என்று வழங்கும் பிடிமான அமைப்பில் உளியைப் பூட்டிச் செய்வதா என்பதே இக்கட்டுரை பரிசீலிக்க எடுத்துக்கொண்ட விஷயம். ஜிக் என்றவுடன் விலை மிகுந்த அயல்நாட்டு உபகரணம் என்று எண்ணிவிடவேண்டாம். பலகைத் துண்டுகள், இரண்டொரு போல்ட்டுகள், ஒரு கீல் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியவற்றைப் பற்றியே இங்கே விசேஷமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் கல்லைப் பற்றி. நம் நாட்டுப் பழைய சாணைச் சக்கரம், குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கோடு உருக்கிச் சேர்த்து வார்த்தது. அந்தக் குருந்தம் சேலம், நாமக்கல் வட்டாரங்களில், சிறப்பாகச் சித்தம்பூண்டிப் பகுதியில், இயற்கையாகவே கிடைப்பது. உலக விஞ்ஞானம் இன்று அந்தக் கனிமத்துக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரும் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். இப்போது கடைசல் பட்டறைகளில் சுழலும் வெள்ளைச் சாணைக்கல் என்பது அலுமினியம் ஆக்ஸைடு. அதாவது, மின் உலையில் மனிதன் உருக்கி எடுத்த செயற்கைக் குருந்தம். 1893-ஆம் வருஷத்தில் அமெரிக்கரான அச்சிசன் உரிமை பெற்ற கார்பரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. அது கடினத்தில் மேம்பட்டதாயினும், எஃகு உளிக்கு வெள்ளைக் கல்லே உகந்தது என்பது தொழிலாளரின் பொது அபிப்பிராயம். வெள்ளைக் கல்லின் மணிகள் தேய்ந்தவுடன் தாமாகவே உடைந்து உதிர்ந்து புதுக் கூரைக் காட்டுவதால், உளி சூடேறுவது குறைகிறது. நம்பர் 60 அல்லது 80 மணியுள்ள கல் உருவம் திருத்தவும், 100-ஐ ஒட்டியது முனை ஏற்றவும் போதும்.

சூடு என்ற சொல் இங்கே அலட்சியமாகக் கடந்துபோகத் தக்கதன்று. பழைய கார்பன் எஃகு உளியின் முனை 220 பாகை சென்டிகிரேடை ஒட்டிய வெப்பத்தில் வைக்கோல் நிறம் அடைந்து, 300 பாகையை நெருங்கும்போது நீலம் பாய்கிறது. நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அறிந்து, அந்தப் பகுதியை முழுதும் அரைத்துத் தள்ளவேண்டியதுதான். ஆகவே கார்பன் எஃகு உளியை இரண்டு இழுப்புக்கு ஒரு முறை தண்ணீரில் நனைப்பது அவசியம். டெய்லர், வைட் என்ற இரு அமெரிக்கர்கள் பெத்லஹேம் எஃகாலையில் பக்குவப்படுத்திய புது வகை எஃகு, 1900-ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் முனை சிவக்கக் காய்ந்த நிலையிலும் இரும்பைச் சீவிக் காட்டியது. அந்த வம்சத்தைச் சேர்ந்த 'ஹைஸ்பீட்' எஃகால் ஆனவையே இன்றைய கடைசல் உளிகளில் பெரும்பாலானவை. இது 500 பாகை வெப்பத்தைத் தாண்டியும் பதம் இழப்பதில்லை. ஆகையால் முனை சற்று நிறம் மாறினாலும் அஞ்சவேண்டுவதில்லை. சூடான ஹைஸ்பீட் உளியைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் நுண்ணிய வெடிப்பு ஏற்படக்கூடும் என்பதால், அதைக் காற்றிலேயே ஆறவிடுவது நல்லது.

இனி விஷயத்தின் உயிர்நிலையாகிய கோணத்துக்கு வருவோம். கடைசல் உளியை மற்ற உளிகளிலிருந்து பிரிக்கும் லக்ஷணம், அதன் சாய்ப்பு, அதாவது கல்லில் அரைக்கப்பட்டுச் சரிந்திருக்கும் முகம், வெட்டும்போது மரத்தின் மீது படிந்து வழுக்கிக்கொண்டே முனைக்கு ஆதாரமாக நிற்கிறது என்பதே. சாய்ப்பு ஒரே தளமாக இருந்தால் உளி மரத்தில் அமைதியாக ஊர்ந்து செல்லும்; இரண்டு மூன்று தளங்களாக உடைந்திருந்தால், கைக்கு எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் முனை திடீரென்று மரத்தைக் கவ்வி, வேலையைப் பிய்த்து எறிந்துவிடும். உருட்டு வேலைக்கான பெரிய குழியுளிக்கு 45 பாகை, தூண் வேலைக் குழியுளிக்கு 30 முதல் 40 வரை, கிண்ணம் குடையும் ஆழ்ந்த குழியுளிக்கு 45 முதல் 60 வரை, சுரண்டுளிக்கு 70 முதல் 80 வரை என்பவை பெரும்பாலோர் கையாளும் அளவுகள். இருபுறமும் சாய்ப்புள்ள சாய்முனை உளிக்குக் கோணமானியே வேண்டாம். சாய்ப்பின் நீளம் உளியின் தடிப்பைப்போல் ஒன்றரை மடங்கு இருக்குமாறு அரைத்தால், கோணம் தானாகவே 39 பாகையை ஒட்டி வந்து நிற்கும்.

இந்த எண்களுள் ஒன்றுக்கும் மந்திர சக்தி கிடையாது. 40 பாகைக்குப் பதில் 43 பாகையில் தீட்டிய உளியும் அழகாகவே வெட்டும். நாசம் விளைவது, இன்று 40, நாளை 45, மறுநாள் 38 என்று கோணம் அலைவதினால்தான். 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள உளியின் சாய்ப்பை 40 பாகையிலிருந்து 45 பாகைக்கு மாற்றினால் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எஃகு அரைபட்டுப் போகிறது என்று க்ஷேத்திர கணிதம் காட்டுகிறது. கோணம் மாறாமல் இருந்தாலோ, கல்லை ஒரு கணம் தொட்டு எடுத்தாலே கூர் மீண்டும் வந்துவிடும், கண்ணுக்குப் புலப்படும் தேய்மானம் இராது. விலை கொடுத்து வாங்கிய உளியில் பாதியைக் கல்லுக்கே பலியிட்டுவிடுகிற புதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; நானும் என் முதல் குழியுளியை அப்படியே இரண்டு வருஷத்தில் கட்டை விரல் அளவுக்குக் குறுக்கினேன். ஆக, ஜிக் நமக்குத் தருவது அதிகமான கூர் என்று நினைப்பது பிழை. அது தருவது, நேற்று வைத்த அதே கோணம் இன்றும்.

வெறுங்கையால் தீட்டுவதை ஆதரிப்பவர்களின் வாதம் பலமில்லாத வாதமன்று. ஆஸ்திரேலியக் கடைசல் வல்லுநரான ரிச்சர்ட் ராஃபன் போன்ற பெரியவர்கள் கையாலேயே தீட்டுகிறார்கள். சன்னபட்டணத்திலும் ஏட்டிக்கொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குப் பூசிப் பொம்மை செய்யும் பரம்பரையினரும், நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் செய்பவர்களும், எந்த ஜிக்கையும் கண்டறியாமலே தலைமுறை தலைமுறையாகக் கூர் ஏற்றி வந்திருக்கிறார்கள். கைக்கு வேகம் உண்டு. வேலைக்கேற்ப முனையின் வடிவத்தை நினைத்தபடி மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் உண்டு. ஆனால் இவர்கள் எல்லோரும், பத்து வயதில் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து லேத்தைச் சுழற்றும் கயிற்றை இழுத்தவர்கள், அல்லது பிழைப்பாகவே இந்தத் தொழிலை வரித்து ஆயிரக்கணக்கான தடவை ஒரே அசைவை அப்பியாசம் செய்தவர்கள் என்பதை மறக்கலாகாது. நாற்பது வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் லேத்தின் முன் நிற்கிற ஒருவருக்கு அந்த அப்பியாசம் எங்கிருந்து வரும்? குருகுலம் வாய்க்காதவருக்குக் குருவின் கை செய்யவேண்டிய காரியத்தை ஒரு மரத்துண்டு செய்கிறது. அதை இழிவாகக் கருத ஒரு நியாயமும் இல்லை.

ஜிக்கினால் கை சோம்பேறியாகிவிடும் என்பதும் என் அநுபவத்துக்கு ஒத்துவரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதவைத்ததால் எந்தக் குழந்தையும் எழுதத் தெரியாமல் போனதில்லை. ஒரு வருஷம் ஜிக்கில் உளியை உருட்டிய கைக்கு அந்த உருட்டலின் பாதை பழகிவிடுகிறது. பிறகு அவசரத்தில் ஒரு முறை வெறுங்கையால் தொட்டு எடுத்தாலும் சாய்ப்பு உடைவதில்லை.

தீட்டுவதற்கு ஜிக் அமைத்துக்கொள்வது நேற்று முளைத்த நூதனமுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் அலங்காரக் கடைசல் லேத்துகள் செய்துவந்த ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தார், அந்த லேத்துகளுக்குரிய சிறு வெட்டுமுனைகளைக் குறித்த கோணத்தில் பூட்டித் தீட்டுவதற்காக 'கோனியோஸ்டாட்' என்ற கருவியைச் செய்து விற்றார்கள். பித்தளைத் தகட்டின் மீதும் இரும்புத் தகட்டின் மீதும் தேய்ப்புப் பொடியைத் தடவி, அதன் மேல் அந்தக் கருவியை முன்னும் பின்னும் ஓட்டினால், முனையில் கண்ணாடி போன்ற பளபளப்பு வரும். கனவான்கள் பொழுதுபோக்காகப் பயின்ற அந்தக் கலையிலேயே கோணத்தைக் கைக்கு விடாமல் கருவிக்கு விட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைசல் ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்து, 1986-இல் அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் தோன்றிய காலத்தை ஒட்டி, கிண்ணம் குடையும் குழியுளியின் முனையில் இருபுறமும் உள்ள சிறகுகளைப் பின்னோக்கி நீள அரைக்கும் பாணி பரவியது. அயர்லாந்தின் லியாம் ஓநீல், அமெரிக்காவின் டேவிட் எல்ஸ்வொர்த் ஆகியோரின் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த வடிவத்தை வெறுங்கையால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கொண்டுவருவது மிகக் கடினம். உளியை உருட்டுவது, பக்கவாட்டில் வீசுவது, மேலே தூக்குவது ஆகிய மூன்று அசைவுகளும் ஒரே கணத்தில் இசையவேண்டும். கடையில் விற்கும் ஜிக்குகள் பெருகியதற்கு இந்த வடிவமே முக்கிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

வீட்டில் செய்துகொள்ளும் அமைப்புகள் மூன்று வகையில் அடங்கும். அவற்றுள் எளியது, கல்லின் முன் நிற்கும் சாய்வு மேடை. தடித்த பிளைவுட் துண்டு ஒன்றைக் கீலின் மூலம் அடிப்பலகையோடு இணைத்து, வேண்டிய கோணத்தில் அறுத்த ஆப்பு ஒன்றை அடியில் செருகினால் மேடை தயார். சுரண்டுளிக்கு ஓர் ஆப்பு, துண்டு பிரிக்கும் வெட்டுளிக்கு ஓர் ஆப்பு என்று அறுத்து, அதன் மேலேயே கோணத்தை எழுதி ஆணியில் தொங்கவிட்டால் நாளைக்கு அளக்கவேண்டிய வேலை இல்லை. மேடையின் மீது 70 பாகையில் ஒரு ரீப்பரை அறைந்துவிட்டால், சாய்முனை உளியின் முனைச் சாய்வும் மாறாது. இவ்வகை உளிகளுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

இரண்டாவது, நீள்கைச் சட்டம். சாணை மெஷினின் அடியில் பெஞ்சோடு திருகி வைத்த மரப் பெட்டிக்குள் ஓர் அங்குலச் சதுரமுள்ள கடின மரக் கட்டை முன்னும் பின்னும் நகரும். அதன் முனையில் 'வி' எழுத்தைப்போல் குடைந்த ஒரு பள்ளம். உளிப் பிடியின் அடியை அந்தப் பள்ளத்தில் நாட்டி, முனையைக் கல்லின் மேல் சாய்த்து, பிடியை விரல்களால் உருட்டினால், பெரிய குழியுளியின் சாய்ப்பு முழுதும் ஒரே கோணத்தில் அரைபடுகிறது. கட்டையைக் கல்லை நோக்கித் தள்ளினால் கோணம் குறுகும். வெளியே இழுத்தால் அகலும். கட்டையை இறுக்க ஓர் ஆப்போ, விங் நட் போட்ட போல்ட்டோ போதும். கட்டைக்கு நான் கருவேலம் போட்டிருக்கிறேன். நன்றாக உலர்ந்த எந்தக் கடின மரமும் உதவும், ஆனால் மழைக்காலத்தில் ஊறிப் பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளாதபடி சிறிது இடம் விட்டு இழைக்கவேண்டும்.

மூன்றாவதுதான் சூக்ஷ்மம் நிறைந்தது. முன் சொன்னபடி சிறகுகள் பின்னோக்கி நீண்ட, குழியுளியின் நகவடிவ முனைக்கு அதுவே வழி. இரண்டு மரத்துண்டுகளின் உள்முகத்தில் 'வி' காடி எடுத்து, இடையே உளியின் தண்டை வைத்து இரண்டு போல்ட்டுகளால் நெருக்குகிறோம். அந்த மரத்துண்டின் அடியிலிருந்து, சாணுக்குக் குறைவான நீளமுள்ள இரும்புக் கால் ஒன்று பின்னோக்கிச் சாய்ந்து இறங்குகிறது. கால் முனையை அரத்தால் உருண்டையாகத் தேய்த்து, முன் சொன்ன நீள்கையின் பள்ளத்தில் ஊன்றிவிட்டால், உளி அந்த ஒரு புள்ளியைச் சுற்றி ஊஞ்சலைப்போல் இருபுறமும் வீசும். நடுவில் நிற்கும்போது மூக்கும், வீச்சின் கோடியில் சிறகுகளும் கல்லைத் தொடும். இதில் மூன்று அளவுகள் ஒன்றை ஒன்று ஆள்கின்றன: மரத்துண்டிலிருந்து உளி வெளியே நீண்டிருக்கும் தூரம், காலின் சாய்வு, பள்ளத்துக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி. காலின் சாய்வை ஒரு முறை நிர்ணயித்துவிட்டால் பிறகு தொடவேண்டாம். வெளி நீளத்துக்கு, பெஞ்சின் ஓரத்திலிருந்து 2 அங்குலத்தில் ஒரு தடுப்புக் கட்டையை அறைந்து, முனை அதில் முட்டும்படி வைத்துப் போல்ட்டை இறுக்கினால் என்றைக்கும் அளவு மாறாது. ஒன்றே முக்கால் அங்குலம் வைப்பவர்களும் உண்டு, எதுவானாலும் அதுவே என்றும் இருக்கட்டும். மூன்றாவது அளவுக்கு, பள்ளத்துக்கும் கல்லுக்கும் இடையே வைத்துப் பார்க்க ஒரு குச்சியை நறுக்கி வைத்துக்கொள்ளவேண்டும். சிறகு அரைபடும்போது ஒரே இடத்தில் தயங்கினால் அங்கே பள்ளம் விழுந்துவிடும். புதியவர்கள் செய்யும் பெரும் பிழை இது. மூக்கில் குறைந்த நேரமும் சிறகுகளில் அதிக நேரமும், ஆனால் ஓய்வில்லாத வீச்சும் வேண்டும்.

கட்டையில் கோடு போட்டு வைத்தால் போதாதா, குச்சி எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் வீட்டு ஜிக் செய்பவர்கள் பலரும் ஏமாறுகிறார்கள். கல் தேய்கிறது; உளியும் குறுகுகிறது. பிடியோடு சேர்த்து 400 மில்லிமீட்டர் நீளமுள்ள உளியை 200 மில்லிமீட்டர் கல்லில் 45 பாகைக்கு அமைத்து, கட்டையில் கோடு கீறிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கல் 190 மில்லிமீட்டராகத் தேய்ந்த பிறகும் அதே கோட்டில் நிறுத்தினால், கோணம் 49 பாகையைத் தாண்டிவிடும். கல் தேயாமல் உளி மட்டும் 5 மில்லிமீட்டர் குறுகினாலும் கிட்டத்தட்ட அதே பிழை. குச்சி இடைவெளியை நேரே அளப்பதால் கல்லின் தேய்மானத்தை ஈடுசெய்யும்; உளியின் குறுக்கத்தை அது காட்டாது. ஆகவே குச்சியையும் முழுக்க நம்பாமல், மையைச் சாட்சியாக வைத்துக்கொள்வதே உத்தமம். சாய்ப்பு முழுதும் கறுப்பு மையைப் பூசி, மெஷினை ஓட்டாமலே உளியைக் கல்லில் படியவைத்து, கல்லைக் கையால் சிறிது திருப்பினால், தொட்ட இடத்தில் மை போய்விடும். முனையோரம் மட்டும் போனால் கோணம் அகன்றிருக்கிறது, கட்டையை உள்ளே தள்ளவேண்டும். சாய்ப்பின் அடியில் போனால் வெளியே இழுக்கவேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரு சீராகப் போனால் மெஷினை ஓட்டலாம். ஒரு நிமிஷமும் பிடிக்காத இந்தச் சோதனை, ஜிக்கின் எல்லாக் குறைகளையும் ஈடுசெய்துவிடுகிறது. 1957-இல் அமெரிக்காவில் முதன்முதலாக உண்டாக்கப்பட்ட கியூபிக் போரான் நைட்ரைடைப் பூசிய இரும்புச் சக்கரங்கள் தேய்ந்து சிறுப்பதில்லையாதலால், அவற்றில் கோடு மாறாது என்பது உண்மை. விலைதான் அநேகரை எட்டவிடாமல் நிறுத்துகிறது.

கல் சமமாக இல்லாவிட்டால் எந்த ஜிக்கும் வீண் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவைக்கிறேன். மேடு பள்ளம் விழுந்த கல்லை வைர முனையால் சீவிச் சமப்படுத்தவேண்டும். நம் மின்சாரத்தில் நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடும் மெஷினே உளிக்கு ஏற்றது. 2,880 சுற்று ஓடுவது, புதியவர் கையில், ஜாக்கிரதை பிறப்பதற்குள் எஃகைத் தின்றுவிடும்.

மர ஜிக்குக்கு ஓர் அபாயம் உண்டு. இரும்பு ஜிக்கில் அது இல்லை. சாணையிலிருந்து பறக்கும் பொறி, கட்டையின் பெட்டிக்குள் சேர்ந்திருக்கும் மரத்தூளில் விழுந்து, சுடர்விடாமல் கனன்று, நாம் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போன பிறகு பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே கல்லின் நேர் கீழே ஒரு தகரத் துண்டை அறைந்து, தீட்டுமுன் தூளைப் பெருக்கித் தள்ளுவதை ஒரு நியமமாகவே வைத்துக்கொள்ளவேண்டும். புதுக் கல்லை மாட்டுமுன் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலித்தால் மட்டும் மாட்டவேண்டும். வெடித்த கல்லின் ஒலி மந்தமாக இருக்கும். மேடைக்கும் கல்லுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் உளியின் முனை அதற்குள் இழுபட்டுவிடும். கண்ணுக்குக் கண்ணாடி இன்றிச் சாணையின் முன் ஒரு கணமும் நிற்கலாகாது.

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், குழியுளிக்கு ஜிக் அவசியம் என்றும், சுரண்டுளிக்கும் வெட்டுளிக்கும் மேடையே போதும் என்றும், சாய்முனை உளிக்கு மேடையில் அரைத்த பின் எண்ணெய்க்கல்லில் கையால் இழுத்துப் பிசிறு நீக்குவதே சிறந்தது என்றும் என் தீர்ப்பு. கடையில் வாங்கும் இரும்பு ஜிக்கும் வீட்டில் செய்த மர ஜிக்கும் உளிமுனையில் காட்டும் பலன் ஒன்றே. முன்னது சிறிது விரைவில் பூட்டலாம், அவ்வளவே. கடைசலில் புதிதாக இறங்கியிருக்கும் அன்பர்கள், இன்னொரு உளி வாங்கச் சேர்த்துவைத்த பணத்தை அப்படியே வைத்துவிட்டு, வரும் விடுமுறை நாளில் மிஞ்சிய கட்டைகளைக் கொண்டு முதலில் மேடையையும் பிறகு நீள்கையையும் செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். செய்து முடித்ததும் பழைய உளி ஒன்றை எடுத்து, மை பூசி, கல்லைக் கையால் திருப்பிப் பாருங்கள். மை ஒரு சீராக அழிகிற வரையில் புது உளியைச் சாணைக்குக் கொண்டுவரவேண்டாம்.